புகைப்பரணில் ஐந்து நாள் பாரிஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எங்கேயாவது கொஞ்சம் கூடித் தெரிந்தால், மழைக்காலத்துக் கதவு மாதிரி அது தானாக உப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஆண்டிச்சாமி. முப்பத்தோரு ஆண்டுகள் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டினேன். நான் திருப்பிய கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் நீட்டி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால், நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். ஒருமுறை என் ஹாரன் சத்தத்தில் மனதைப் பறிகொடுத்த காட்டுமாடு ஒன்று பெருமாள்மலை வரைக்கும் பஸ்ஸின் பின்னாலேயே வந்தது. பயணிகள் அதற்கு இடம் விடச் சொன்னார்கள். நான்தான் மறுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பள்ளங்கியில் வீடு. என் சொத்து இரண்டு: மூக்குக்குக் கீழே நாற்பது வருட மீசை, தலைக்கு மேலே அறுபத்திரண்டு வயதிலும் சீப்பு ஒடிகிற முடி. கந்தம்மாள் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த மீசையைப் பார்த்துத்தான். அவள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

கந்தம்மாளுக்குச் சொத்து ஒன்றுதான். பூண்டு. மலைப்பூண்டு எல்லாரும்தான் போடுகிறார்கள். ஆனால் கந்தம்மாளின் பூண்டுக்கென்று பழனியிலிருந்து ஆள் வருவார்கள். காரணம் புகை. எங்கள் பக்கத்தில் பூண்டைத் தண்டும் தாளுமாகப் பறித்து, கட்டுக் கட்டாக முடிந்து, அடுப்புக்கு மேலே உள்ள பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவது வழக்கம். புகை ஏறிய பூண்டு வருடக்கணக்கில் கெடாது. எந்த விறகு, எவ்வளவு புகை, எத்தனை நாள் என்பதில் கந்தம்மாளுக்கு ஒரு கணக்கு உண்டு. விதைப்பூண்டுக்குத் தனி வரிசை. அதன் பக்கத்தில் நின்று தும்மினால்கூட முறைப்பாள். அவளுக்கு முழங்கால் வலி என்பதால் ஏணியில் ஏறிக் கட்டுகளைத் தொங்கவிடுவதும் இறக்குவதும் மட்டும் என் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் என் தலைக்கு வந்தது.

ஓய்வு பெற்ற டிரைவர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வான்? அரை மணிக்கு ஒரு டீ கேட்பான். நானும் கேட்டேன். ஒருநாள் கந்தம்மாள் கரண்டியை ஓங்கி, “எங்கனயாச்சும் போய் ஒரு சோலியப் பாருங்க. இந்த வீட்டுல டீத்தூளு உங்களுக்குப் பயந்துக்கிட்டு ஒளிஞ்சு கெடக்கு” என்றாள்.

கொடைக்கானலுக்குப் போய் ஏரியைச் சுற்றி நடந்தேன். குளிர் பிடுங்கியது. ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் ‘எண்ணெய் ஓவியம் கற்றுத் தரப்படும்’ என்று பலகை. உள்ளே ஹீட்டர் சிவப்பாக எரிவது ஜன்னல் வழியே தெரிந்தது. கலை மீதிருந்த ஆர்வத்தில் உடனே உள்ளே போனேன்.

சொல்லித் தருகிறவள் லாவண்யா. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தவள். என் பிள்ளைகளைவிடச் சின்னவள். என்னையும் சேர்த்து ஆறு பேர் படித்தோம்.

“முதல் ரெண்டு மாசம் சொந்தமா எதுவும் வரையப் போறதில்ல, அங்கிள். ஒரு பெரிய ஓவியரோட படத்தைப் பார்த்து அப்படியே காப்பி பண்ணணும். அதுலதான் கலர் புரியும்” என்றாள்.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதற்காக வாத்தியார் என் முதுகில் ஒடித்த பிரம்புகளை அடுக்கினால் ஒரு வேலியே போடலாம். அதே வேலையை ஹீட்டர் போட்டு, டீ கொடுத்துச் செய்யச் சொல்கிற இடம் பூமியில் இருக்கிறது என்று ஐம்பது வருடம் கழித்துத் தெரிகிறது!

ஆறு பேருக்கும் ஒரே படம். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்தது. மழை விட்டும் விடாத அகலத் தெரு. இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். இலையில்லாத மரங்கள் வரிசையாக நின்றன. குதிரை வண்டிகளும், குடை பிடித்த ஜனமும், ஈரத்தில் வழுக்குகிற வெளிச்சமும். தூரத்திலிருந்து பார்த்தால் நாமே தெருவில் நனைகிற மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஒன்றுமில்லை, வெறும் தீற்றல்.

“டீச்சர், யாருக்கும் மூக்கு இல்ல. குதிரைக்கு மூணு காலுதான் இருக்கு. வரைஞ்சவர் பாவம், கண்ணுல புரையோ?”

“இல்ல அங்கிள். அவர் மனுசனை வரையல. அந்த நேரத்து வெளிச்சத்தை வரைஞ்சார். கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாருங்க. குடை தெரியுதா, கறுப்புப் புள்ளி தெரியுதா?”

கண்ணை இடுக்கினேன். அடுத்த நொடி எனக்கு எல்லாம் புரிந்துபோனது. இதைத்தானே முப்பத்தோரு வருடம் செய்தேன்! மூடுபனியில் எதிரே வருகிற லாரி என்றைக்கு லாரியாகத் தெரிந்தது? மஞ்சளாக இரண்டு தீற்றல், அதற்குப் பின்னால் சாம்பல் நிறமாக ஒரு கனம். அதை வைத்துத்தான் பிரேக் போட வேண்டும். மூக்கும் காதும் தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் இந்தக் கதையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

படத்தின் அச்சுப் பிரதி மேல் பென்சிலால் கட்டம் கட்டி, வரைகிற துணியிலும் அதே கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். நான் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு ஸ்டாப்பிங்காக வைத்துக்கொண்டேன். இடது மேல்மூலை பழனி பஸ் ஸ்டாண்டு, வலது கீழ்மூலை கொடைக்கானல். பாதி வழியில் ஒரு குதிரை வண்டி எனக்குப் பிடிக்கவில்லை. அதை அழித்துவிட்டுப் பச்சையில் ஒரு பஸ் போட்டேன். லாவண்யா பார்த்துவிட்டு, “அங்கிள், அப்போ பாரிஸ்ல இந்த பஸ் இல்ல” என்று கத்தியை எடுத்துச் சுரண்டினாள். ‘அதனால்தான் ஜனம் நடந்து போகுது’ என்றேன். மறுபடி குதிரையே பூட்டினேன்.

மற்றவர்கள் சாயத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். நான் பந்தியில் நெய் ஊற்றுகிற தாராளத்தில் அப்பினேன். ஈரத் தெருவில் மட்டும் நான் போட்ட வெள்ளையை வைத்துக் கொடைக்கானலுக்கே சுண்ணாம்பு அடித்திருக்கலாம். ஆனாலும் நம்புங்கள், ஆறாவது வாரம் லாவண்யா என் படத்தின் முன்னால் நின்று, “அங்கிள், உங்க தெருவுல தண்ணி நிக்குது” என்றாள். அவள் பாராட்டியது அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு தோசையோடு எழுந்துவிட்டேன்.

வீட்டில் இதை யார் நம்பினார்கள்?

பூண்டி கிராமத்திலிருந்து என் மச்சான் திருமலைச்சாமி தன் ஜீப்பில் விறகு கொண்டுவந்து இறக்கிய நாள் அது. கந்தம்மாளின் அண்ணன். பூண்டும் கேரட்டும் போடுகிறவர். எனக்கு இருக்கிற அதே அளவு முடி, அதே அளவு மீசை. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்களுக்குள் முப்பத்தைந்து வருடமாக ஆகாது. பரணுக்குப் புகை போட வருடா வருடம் அவர்தான் விறகு அனுப்புவார்.

“மாப்ள, என்ன சட்டையெல்லாம் நீலமா கெடக்கு? பஸ் ஸ்டாண்டுல புதுசா பெயிண்டு அடிச்ச சுவத்துல சாஞ்சு சீட்டு ஆடுறீகளா?”

“பாரிஸ் நகரத்துல வானம் போட்டேன் மச்சான். முக்கால்வாசி முடிஞ்சிருச்சு.”

அவர் கையிலிருந்த விறகு கட்டோடு கீழே விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பு. “பஸ்ஸுக்குப் பின்னாடி ‘ஒலி எழுப்பவும்’னு எழுதியிருக்குறத வாசிச்சதத் தவிர உமக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏ கந்தம்மா, என்ன தாயி சொல்றாரு உன் வீட்டுக்காரரு?”

“தெனம் மத்தியானம் கெளம்பிருதாரு அண்ணே. எங்க போறீகன்னு கேட்டா பாரிஸுங்காரு” என்றாள் கந்தம்மாள். “காட்டுமாடு பஸ் பின்னாடி வந்துச்சுன்னு சொன்ன ஆளுதானே. நான் ஒண்ணும் கேக்குறதில்ல.”

“மாப்ள, நீரு சொல்றதுல முக்கால்வாசியத் தள்ளுனாலும் மிச்சம் இருக்குற கால்வாசி பொய்யாத்தான் இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. அறுபத்திரண்டு வயதில் ஒரே ஒரு உண்மை சொல்கிறேன், அதற்கு ஒரு சாட்சி இல்லை. கட்டியவள்கூட என் பக்கம் இல்லை. வாய் சும்மா இருந்ததா?

“அடுத்த மாசம் ஏரிக்கரை ஹால்ல எங்க படத்தையெல்லாம் காட்சிக்கு வைக்கிறாக. என் கையால வரைஞ்ச பாரிஸ் அந்தச் சுவத்துல நாலு பேரு பாக்கத் தொங்கும். தொங்கலேன்னா அங்கனயே என் மீசைய எடுத்துருதேன். தொங்குச்சுன்னா உம்ம மீசைய எடுப்பீகளா?”

மச்சான் தன் மீசையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். “எடுக்குறேன். நானே வாரேன் பாக்க. கண்ணாடி, கத்தி, சோப்பு எல்லாம் நானே கொண்டாரேன். உமக்குச் செலவு வைக்க மாட்டேன்.”

கந்தம்மாள் சாட்சி.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காட்சிக்கு எட்டு நாள் இருக்கையில் கடைசிக் கட்டத்தை நிரப்பி, கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்தினேன். லாவண்யா படத்தின் ஓரத்தை விரலால் தொட்டாள். விரல் முழுக்க பாரிஸ்.

“அங்கிள், இது காயவே இல்ல. இவ்வளவு கனமாப் போட்டா இந்தக் குளிர்ல மூணு வாரம் ஆகும். ஈரப் படத்தை ஹால்ல மாட்ட முடியாது. மத்த படத்துல பட்டுரும், வர்றவங்க சட்டையில பட்டுரும். சனிக்கிழமைக்குள்ள காஞ்சா கொண்டு வாங்க. இல்லேன்னா அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

அடுத்த தடவை! அதுவரைக்கும் என் மூக்குக்குக் கீழே எது இருக்கும்?

படத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வாசலில் வைத்தால் மூடுபனி. கூரை மேல் வைத்தால் தூறல். பேத்தி விட்டுப்போன, முடி உலர்த்துகிற மெஷினைக் காட்டினேன். அது ஒரு மணி நேரம் கூவிவிட்டு உயிரை விட்டது. இரண்டு நாள் போய்விட்டது. விரலை வைத்தால் நதி போல நகர்கிறது தெரு. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தேன்.

மேலே பரண். பூண்டு வரிசையாகத் தொங்குகிறது. பச்சையாக ஏறிய பூண்டு, சருகாகக் காய்ந்து தொங்குகிறது.

பூண்டு காயும்போது பாரிஸ் காயாதா?

‘எண்ணெய்ச் சாயத்தை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது’ என்று லாவண்யா முதல் நாளே சொல்லியிருந்தாள். நான் அடுப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை. அடுப்புக்கு மேலேதான் கொண்டுபோனேன்.

மறுநாள் வெள்ளனே கந்தம்மாள் காட்டுக்குப் போனதும் ஏணியைச் சாத்தினேன். இரண்டு வரிசை விதைப்பூண்டை ஒதுக்கி, நடுவில் படத்தைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் கட்டுகளைத் தள்ளி மறைத்தேன். கீழிருந்து பார்த்தால் பூண்டுத் தாள் மட்டும்தான் தெரியும். பிறகு அடுப்பில் ஈர விறகாகப் பார்த்து வைத்தேன். புகை கிளம்பியது பாருங்கள், பழனி ஆண்டவருக்கே மலை மேல் கண் எரிந்திருக்கும்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ரசம் வைத்தாள். நான்தான் பரணிலிருந்து ஒரு கட்டு இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

“இந்தாங்க. ரசத்துல ஜன்னல் வாசம் வருது.”

“ஜன்னலா?”

“புதுசா பெயிண்டு அடிச்ச ஜன்னலு. மோந்து பாருங்க.”

மோந்து பார்க்க என்ன இருக்கிறது? என் கைக்குட்டை, தலையணை எல்லாம் இரண்டு மாதமாகச் சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாசம்தான். “எனக்கு ஒண்ணும் தெரியலையே. பிரமாதமா இருக்கு” என்று இன்னும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். தடயத்தை அழிக்க வேண்டாமா? ஏப்பம் வார்னிஷ் போட்ட மாதிரி பளபளவென்று வந்தது.

கந்தம்மாள் விடவில்லை. விதை வரிசையிலிருந்து இன்னொரு கட்டை இறக்கச் சொல்லி உரித்து மோந்தாள். முகம் கறுத்துவிட்டது. ஒரு நிமிடம் யோசித்தாள். நானும் அவளோடு சேர்ந்து யோசிப்பது போல நின்றேன்.

“அண்ணன்தான்” என்றாள்.

“என்னது?”

“போன மாசம் அனுப்புன வெறகு. பூண்டியில எதோ பழைய வீட்ட இடிச்சாகளே, அந்தக் கதவையும் சன்னலையும் ஒடச்சு வெறகோட கலந்து அனுப்பிருக்காரு. பெயிண்டு எரிஞ்சு புகை பூராவும் பூண்டுல ஏறிருச்சு.”

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். “இருக்கும்” என்று அதிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். “ஏண்ணே, உனக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?”

“என்ன தாயி?”

“சன்னலையா வெறகுன்னு அனுப்புவ?”

“சன்னலா? வேட்டில் மரம் தாயி! நானே நின்னு வெட்டுனது!”

“என் விதைப்பூண்டு பெயிண்டு நாறுது. இந்த வருசம் நான் என்னத்த ஊண்டுவேன்? உன் ஜீப்பு இனிமே இந்த வாசலுக்கு வரக் கூடாது.” வைத்துவிட்டாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே இறக்கிவிடலாம் என்று ஏணியில் ஏறினேன். தொட்டுப் பார்த்தேன். மேல்தோல் இறுகியிருக்கிறது, உள்ளே இன்னும் நெகிழ்கிறது. இன்னும் மூன்றே நாள். மீசையைத் தடவினேன். இறங்கிவிட்டேன். அப்படிப்பட்டவன்தான் நான், மறைக்க என்ன இருக்கிறது.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, இறக்கினேன். காய்ந்துவிட்டது. ஓங்கித் தட்டினால் டொக்கென்றது. ஆனால் வெளிச்சத்தில் கொண்டுவந்து பார்த்தேன். என் நீல மழைப் பாரிஸ் எங்கே? புகை ஏறி, வானம் தேன் நிறத்தில் இருந்தது. கட்டடங்கள் பழுப்பு. ஈரத் தெருவில் நான் அப்பிய வெள்ளை எல்லாம் சாயங்கால வெயில் மாதிரி மினுங்கியது. அங்கங்கே மயிரிழை விரிசல். தூசி தட்டி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். லாவண்யா ஹாலில் இல்லை. காவலுக்கு இருந்தவர் தொட்டுப் பார்த்து, “காஞ்சிருக்கு” என்று மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. ஒரே சுவரில் ஆறு பாரிஸ். ஐந்தில் மழை. ஆறாவதில் பொழுது சாய்கிறது. சீசன் கூட்டம் உள்ளே வந்தது, ஐந்து படத்தையும் தாண்டிக் கடைசிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டது. நான் தூணோரம் நின்று மீசையை முறுக்கினேன்.

கந்தம்மாள் பட்டுச் சேலையில் வந்திருந்தாள். திருமலைச்சாமி மஞ்சள் பையோடு வந்திருந்தார். கண்ணாடி, கத்தி, சோப்பு என்று பை புடைத்துக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். அண்ணனுக்கு முகம் வாடியிருந்தது. பந்தயத்துக்கு வந்தவர் மாதிரியே இல்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் என் படத்துக்கு மிக அருகே குனிந்து, கூட வந்தவரிடம் சொன்னார்: “இது பழசு. நூறு வருஷமாவது இருக்கும். எதோ துரை பங்களாவுல தொங்கினதா இருக்கணும்.”

வாடியிருந்த மச்சானுக்கு உயிர் வந்துவிட்டது. “கேட்டீகளா? எல்லாரும் கேட்டீகளா? பழசாம்! மாப்ள, எந்தப் பங்களாவுல தூக்குனீரு?”

“மச்சான், நான் வரைஞ்சது.”

“நூறு வருசத்துக்கு முன்னாடியா?”

“டீச்சரக் கேளுங்க!”

லாவண்யா வந்தாள். படத்தைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. “அங்கிள்... நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது நீலமா, பளிச்சுன்னு இருந்துச்சே. இது வேற. இந்த டோன் எல்லாம் வர்றதுக்கு வருஷக்கணக்கு ஆகும். உண்மையைச் சொல்லுங்க, இது எங்க கிடைச்சுது?”

காப்பி அடித்த படத்தில் பேர் போடக் கூடாது என்று அவளே போட்ட விதி. அதனால் மூலையில் என் கையெழுத்தும் இல்லை. ஹால் முழுக்க என்னையே பார்த்தது. மச்சான் மஞ்சள் பையிலிருந்து சோப்பை எடுத்து, “யாராச்சும் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க” என்றார்.

மீசையைத் தொட்டேன். உண்மையைச் சொன்னால் மீசை தப்பும். ஆனால் அந்த உண்மைக்கு உள்ளே கந்தம்மாளின் விதைப்பூண்டு தொங்குகிறது. சொல்லாவிட்டால் மீசை போகும், பூண்டுச் சங்கதி அமுங்கிப்போகும், பழி அண்ணன் தலையிலேயே கிடக்கும். அந்த மனுசன் சோப்பை நுரைக்கிற கையோடு நடுவில் ஒருதரம் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. நான் மீசையிலிருந்து கையை எடுத்தேன்.

“பரண்ல வச்சேன்” என்றேன்.

“எதுல?”

“பூண்டுப் பரண்ல. அஞ்சு நாளு. காயணும்னு புகை போட்டேன். அந்தப் புகையிலதான் கலர் இப்படி ஆச்சு. மச்சான் மேல தப்பு இல்ல. வெறகு நல்ல வெறகுதான். பூண்டுல நாறுனது என் படம்.”

அப்புறம் ஹாலே இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. மச்சான் நுரையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “பாரிஸுக்குப் புகை போட்டாராம்! யாத்தே! காட்டுமாட்டக்கூட நம்பிருவேன் மாப்ள, இத நம்ப மாட்டேன். இத்தன வருசத்துல உம்ம பெரிய புளுகு இதுதான்!” லாவண்யாகூட உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். அதற்கு வந்த மரியாதை அது.

சிரிக்காத ஆள் ஒருத்திதான். கந்தம்மாள் மெதுவாக நடந்து வந்தாள். கூட்டம் விலகியது. படத்தின் முன்னால் நின்று, பாரிஸின் கட்டடங்களையும் ஜனத்தையும் விட்டுவிட்டு, மூக்கை வைத்து வானத்தை மோந்தாள். இடது பக்கம் மோந்தாள். வலது பக்கம் மோந்தாள். பிறகு சுண்டுவிரல் நகத்தால் வானத்தின் ஓரத்தில் எதையோ நெம்பி எடுத்தாள். மேகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். பூண்டுச் சருகு. ஊதா ரேகை ஓடிய, மெல்லிசான சருகு.

“இது என் விதைப்பூண்டு” என்றாள். “என் பூண்டு எனக்குத் தெரியும். இவரு சொல்றது நெசம்.”

அந்த மூன்று சொல்லை அவள் வாயிலிருந்து கேட்க நான் முப்பத்தைந்து வருடம் காத்திருந்தேன் ஐயா. ‘இவரு சொல்றது நெசம்.’ கேட்ட சந்தோஷத்தில் அவள் கண்ணைப் பார்த்துத் தொலைத்தேன்.

முதலில் அண்ணனிடம் போனாள். “அண்ணே, உன்ன வீணா ஏசிட்டேன்.”

“அது கெடக்கட்டும் தாயி” என்றார் அவர், கண்ணைத் துடைத்து, கன்னமெல்லாம் சோப்பு நுரை ஆக்கிக்கொண்டு.

“ஏசுனது தப்புதான். ஆனா பந்தயம் பந்தயம். நான்தானே சாட்சி? படம் அவரு வரைஞ்சது. சுவத்துல தொங்குது. நுரை உன் மூஞ்சியில ஏற்கெனவே இருக்கு, அண்ணே. வெரசா முடி.”

மச்சான் மஞ்சள் பையிலிருந்து கத்தியை எடுத்தார். ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். சுற்றுலா வந்த குழந்தைகள் கை தட்டின. நான் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, லாவண்யாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

“நீங்க என்ன முறுக்குதீக?” என்றாள் கந்தம்மாள். “பந்தயத்துல உங்க மீசை ஜெயிச்சிருச்சு. அத நான் தொட மாட்டேன். என் விதைப்பூண்டுக்கு யாரு பதில் சொல்றது? அஞ்சு நாளு வாயத் தொறக்காம அந்த ரசத்தக் குடிச்சீகளே, அதுக்கு?”

“புதுசா விதை வாங்கி—”

“வாங்குறது அப்புறம். நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸு. பழனியில மொட்ட.”

“கந்தம்மா, முடி...”

“மீசையோட சேத்து எடுக்கவா?”

மறுநாள் முதல் பஸ்ஸில் நான், கந்தம்மாள், துணைக்கு மச்சான், மூன்று பேரும் பழனிக்கு இறங்கினோம். டிரைவர் என்னிடம் தொழில் பழகிய பயல். போகும்போது “வாங்கண்ணே” என்றவன், திரும்பி ஏறும்போது என்னை யாரென்று தெரியாமல் நகர்ந்து உட்காரச் சொன்னான். முன் சீட்டில் மச்சான்: தலை நிறைய முடி, மீசை இல்லை. பின் சீட்டில் நான்: மீசை இருக்கிறது, தலை சந்தனத்தில் மின்னுகிறது. பெருமாள்மலையில் ஏறிய ஒருவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்றார்.

படத்தைக் கந்தம்மாள் நடுவீட்டில் மாட்டிவிட்டாள். பழனியிலிருந்து பூண்டு வாங்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். பூண்டைக் காட்டுகிற அதே பெருமையில் அவள் சொல்கிறாள்:

“பாரிஸு. பதினஞ்சு நாளு புகை போட்டது.”

“அஞ்சு நாளுதான்” என்றேன் ஒருதரம்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள். “உங்களுக்கு எதையும் கொறச்சுச் சொல்றதே வழக்கமாப் போச்சு.”